இரவல் வாய்

அடிப்படை வகுப்போடு பிரெஞ்சை நிறுத்திக்கொண்டிருந்தால் அவளுக்கு யாரோடும் தகராறு வந்திருக்காது. வீட்டிலும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள்.

“கடையில கேட்க வருது, பஸ்ஸுல டிக்கெட் வாங்க வருது. இன்னும் என்னத்துக்கு?” என்றார் கணவர். பேருந்துப் பணிமனையில் வண்டி கழுவுகிற வேலை அவருக்கு. தண்ணீர்க் குழாயோடும் சோப்பு நுரையோடும் பழக மொழி தேவைப்படவில்லை. அதனால் வேறு யாருக்கும் தேவைப்படாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

“டாக்டர்கிட்ட பேசணும். பொண்ணோட டீச்சர்கிட்ட பேசணும்.”

“அதுக்குத்தான் மாமா இருக்காரே.”

மாமா என்பவர் அவர்களுக்கு உறவு கிடையாது. அந்த ஊரில் இருந்த தமிழ்க் குடும்பங்களில் முதலில் வந்து சேர்ந்தவர், அதனால் எல்லோருக்கும் மாமா. மருத்துவமனை, பள்ளிக்கூடம், நகராட்சி அலுவலகம் என்று யாருக்கு எங்கே பேச வேண்டியிருந்தாலும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கூடவே வந்துவிடுவார். முதுகுக்குப் பின்னால் அவருக்கு ‘இரவல் வாய்’ என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. இரவல் வாங்குகிறவர்கள் எப்படிச் சொல்வார்கள்?

அவரிடம் ஒரு தனித்திறமை இருந்தது. எவ்வளவு பெரிய புகாரை அவர் வாய்க்குள் போட்டாலும் வெளியே வரும்போது நன்றியாக வந்துவிடும். ஒரு குளிர்காலம் முழுக்கக் கூரை ஒழுகிய வீட்டில் குடியிருந்த ஒருவன், கட்டடத்தின் பொறுப்பாளரிடம் அவரைக் கூட்டிக்கொண்டு போனான். “எங்க குழந்தைக்கு மூச்சு இழுக்குதுன்னு சொல்லுங்க மாமா, நாலு வார்த்தை நறுக்குன்னு கேளுங்க” என்றான். மாமா பிரெஞ்சில் சொன்னார்: “இந்த வீடு இவருக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கொஞ்சம் ஈரம் இருக்கிறது, பரவாயில்லை என்கிறார்.” நறுக்கென்று கேட்டாயிற்று என்ற திருப்தியில் அவன் பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தான். கூரை இன்னமும் ஒழுகுகிறது.

மாமா கெட்டவர் இல்லை. அதுதான் இதில் ஆபத்தான விஷயம். நம் ஆட்களுக்குக் கெட்ட பெயர் வந்துவிடக் கூடாது என்று உண்மையாகவே கவலைப்பட்டவர் அவர். அநியாயம் செய்கிறவன் முகம் கோணாமல் பார்த்துக்கொள்வதை மரியாதை என்று கற்றுக்கொண்டிருந்தார். எத்தனை தலைமுறையாகவோ இதையே பண்பு என்று நமக்குள் புகட்டிவந்திருக்கிறார்கள். அவரும் குடித்தார், பிறருக்கும் ஊற்றினார்.

அவள் வளர்ந்த வீட்டிலும் அதே பால்தான். எதிர்த்து ஒரு வார்த்தை கேட்ட பெண்ணுக்கு அங்கே பெயர் ‘வாயாடி’. சின்ன வயதில் ஒரு தடவை, தன் அண்ணனுக்கு மட்டும் ஏன் புதுச் செருப்பு என்று கேட்டு அந்தப் பட்டத்தை வாங்கிக்கொண்டாள். பிறகு கேட்கவில்லை. திருமணமாகி இந்த நாட்டுக்கு வந்தபோது அவளுக்குத் தெரிந்த முதல் பிரெஞ்சுச் சொல் ‘பர்தோன்’. மன்னிக்கவும் என்று அர்த்தம். எதிரே தள்ளுவண்டி வந்தால் பர்தோன். தன் காலை யாராவது மிதித்தால் அவர்களுக்கும் பர்தோன். வேலை செய்த சலவைக்கூடத்தில் அவளுக்கு ‘மதாம் பர்தோன்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நாமும் அப்படியே அழைக்கலாம். அந்தப் பெயரை அவள் எப்படிக் கழற்றினாள் என்பதுதான் இந்தக் கதை. கழற்றினாளா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

சலவைக்கூடம் ஊர் முடிகிற இடத்தில் இருந்தது. மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகளும் விடுதிகளின் துவாலைகளும் அங்கே மலை மலையாக வந்து இறங்கும். துவைத்து வந்த ஈர விரிப்பை இரண்டு பெண்கள் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, கொதிக்கிற இஸ்திரி உருளைக்குள் விடுவார்கள். அந்தப் பக்கம் இரண்டு பேர் வாங்கி மடிப்பார்கள். உருளைக்கு முன்னால், விரல் உயரத்தில், ஒரு காப்புக் கம்பி உண்டு. கை பட்டு அது அசைந்தால் உருளை நின்றுவிடும். பெயர் தெரியாத எவனோ ஒரு நல்ல பொறியாளன் மனிதக் கையை நினைத்துச் செய்த ஏற்பாடு.

ஆனால் சுருண்ட துணி பட்டாலும் அது நிற்கும். நின்றால் மறுபடி சூடேறிச் சுற்றக் கொஞ்ச நேரம் ஆகும். அதற்குள் வண்டிகள் குவிந்துவிடும். ஆகவே அங்கே ஒரு வழக்கம் இருந்தது. காலையில் முதலில் வருகிறவர், கிழிந்த தலையணை உறையிலிருந்து ஒரு பட்டையைக் கிழித்து, கம்பி அசையாதபடி கட்டிவிட வேண்டும். அதிகாரிகள் பார்வையிட வருகிற நாளில் மட்டும் அவிழ்த்துவிட வேண்டும். விளக்கு போடுவது மாதிரி, ஜன்னல் திறப்பது மாதிரி, அதுவும் ஒரு காலை வேலை. பர்தோன்தான் பெரும்பாலும் முதலில் வருவாள்.

கட்டச் சொல்லிக்கொடுத்தவள் மேஸ்திரி. வேறு நாட்டிலிருந்து வந்த பெண், வேறு தாய்மொழி. உருளைப் பகுதிக்கு மேற்பார்வை. தமிழ்ப் பெண்கள் தங்களுக்குள் மேஸ்திரி என்று பேசிப் பேசி, கடைசியில் அவளே அந்தச் சொல்லுக்குத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தாள். கரகரத்த குரல், பெரிய சிரிப்பு. பர்தோனுக்கு அந்தப் பெயரைச் சூட்டியவளும் அவள்தான். அவளுக்கும் பர்தோனுக்கும் நடுவில் இருந்த ஒரே பாலம் இரண்டு பேருடைய நொண்டிப் பிரெஞ்சு. “வா, சேர்ந்து நொண்டலாம்” என்று மேஸ்திரி கூப்பிட்டுத்தான் பர்தோன் மாலை நேர இடைநிலை வகுப்பில் சேர்ந்தாள்.

“இனிமே மாமா வேலைக்கு உலை வைக்கப் போறா நம்ம வீட்டுக்காரி” என்றார் கணவர், பாதி சிரிப்பாக.

பதின்மூன்று வயது மகளுக்கு வேறு கவலை. “அம்மா, அந்த ‘ர’வைத் தொண்டையில சொல்லு. நீ சொல்றது லாரி ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி இருக்கு.”

“தொண்டையில சொன்னா சளி புடிச்ச மாதிரி இருக்குடி.”

“சளியே தேவலாம்மா. லாரி வேண்டாம்.”

மாமா மட்டும் சிரிக்கவில்லை. “அடிப்படை போதும்மா. அதுக்கு மேல படிச்சா குழப்பம்தான்” என்றார். யோசித்துப் பார்த்தால் அவர் சரியாகத்தான் சொன்னார். அடிப்படை வகுப்பு கற்றுக்கொடுப்பது வேலைக்காரர்களின் மொழி. வணக்கம், நன்றி, எங்கே, எப்போது, மன்னிக்கவும். இதை எவ்வளவு நன்றாகப் பேசினாலும் யாருக்கும் நாற்காலி ஆடாது. இடைநிலையில்தான் ‘ஏனென்றால்’ வருகிறது. ‘அப்படி இல்லை’ வருகிறது. ‘என் கருத்து’ என்று ஒன்று உண்டு என்று புத்தகமே சொல்கிறது. அடுத்தவரின் கருத்தை மறுத்துப் பேசினால் மதிப்பெண் போடுகிறார்கள்! எதிர்த்துக் கேட்டதற்கு ‘வாயாடி’ப் பட்டம் வாங்கிய பெண்ணுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆனால் இடைநிலை ஒரு கொடுமையான இடமும்கூட. காது முன்னால் ஓடிவிடும், நாக்கு பின்னால் தங்கிவிடும். முன்பு வெறும் சத்தமாக இருந்ததெல்லாம் இப்போது அர்த்தத்தோடு வந்து குத்தும். திருப்பிக் கொடுக்க மட்டும் கையில் ஒன்றும் இருக்காது. ஒரு நாள் மேலாளர் யாரோ விருந்தினரைக் கூட்டிக்கொண்டு உருளைகளைக் காட்டிக்கொண்டே வந்தார். பர்தோனுக்கு அருகில் நின்று, அவளைப் பார்த்துப் புன்னகைத்தபடி, “இவர்கள் நல்லவர்கள், எதையும் கேட்க மாட்டார்கள்” என்றார். பழக்க தோஷம், அவளும் பதிலுக்குச் சிரித்துவிட்டாள். பிறகுதான் வாக்கியம் முழுதாக உள்ளே இறங்கியது. அன்று மதியம் கொண்டுவந்த ரொட்டியை அப்படியே திருப்பிக் கட்டிவைத்தாள். போன வருடம் என்றால் சாப்பிட்டிருப்பாள்.

வகுப்பு ஒரு விளையாட்டரங்கின் மாடியில் நடந்தது. கீழே பந்து தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஆசிரியை ஒல்லியான பெண், சைக்கிள் தலைக்கவசத்தை மேசைமேல் வைத்துவிட்டுத்தான் பாடம் தொடங்குவாள். ஒரு மாலை எல்லோருக்கும் அட்டைகள் கொடுத்தாள். அட்டையில் உள்ள நிலைமையை இரண்டு பேர் நடித்துப் பேச வேண்டும். பர்தோனுக்கு வந்தது: பக்கத்து வீட்டு நாய் இரவெல்லாம் குரைக்கிறது, போய்ப் புகார் சொல்லுங்கள். நாய்க்காரியாக மேஸ்திரி.

பர்தோன் மேசையைக் கதவாக நினைத்துத் தட்டினாள்.

“வணக்கம் மதாம். பர்தோன். உங்கள் நாய் குரைக்கிறது. பர்தோன். நான் என் ஜன்னலை மூடிக்கொள்கிறேன்.”

வகுப்பு சிரித்தது. மேஸ்திரிக்கு நடிப்பு சூடு பிடித்துவிட்டது. “நீங்கள் மூச்சு விடும் சத்தம் என் நாய்க்குப் பிடிக்கவில்லை மதாம். மெதுவாக விடுங்கள்.”

“சரி மதாம்” என்றாள் பர்தோன்.

ஆசிரியையும் சிரித்துவிட்டுத்தான் கேட்டாள். “நாய் யாருடையது?”

“அவருடையது.”

“கெட்டுப்போன தூக்கம்?”

“என்னுடையது.”

“அப்படியானால் மன்னிப்பு ஏன் நீங்கள் கேட்கிறீர்கள்?”

இந்தக் கேள்வியைத் தமிழிலும் அவளிடம் யாரும் கேட்டதில்லை. ஆசிரியை கரும்பலகையில் மூன்று வாக்கியங்கள் எழுதிப்போட்டாள். ‘உங்களைத் தொந்தரவு செய்வதற்கு வருந்துகிறேன். ஆனால் இந்த நிலை இப்படியே தொடர முடியாது. இதற்குப் பொறுப்பு நீங்கள்.’

அந்த மூன்றையும் பர்தோன் உருளைக்கு முன்னால் நின்று, விரிப்புக்கு ஒரு தடவையாக முணுமுணுத்துப் பாடம் பண்ணினாள். மேஸ்திரி பின்னால் கடந்து போகும்போதெல்லாம் “வவ், வவ்” என்று குரைத்துவிட்டுப் போவாள்.

“இதுங்க ரெண்டுக்கும் மறை கழண்டுபோச்சு” என்றாள் எதிர்முனை பிடிக்கிற தமிழ்ப் பெண்.

அப்படிச் சிரித்துக்கொண்டிருந்த ஒரு வாரத்தில்தான் அது நடந்தது. காலையில் பர்தோன் வழக்கம்போலக் கம்பியைக் கட்டினாள். மதியத்துக்கு முன் ஒரு விரிப்பின் முனை சுருண்டு போனது. பிரித்துவிடக் கையைக் கொண்டுபோனாள். ஈரத்துணி விரல்களோடு சுற்றிக்கொண்டு இழுத்தது. புறங்கை கம்பியில் மோதியது. கம்பி அசையவில்லை. உருளை நிற்கவில்லை.

அலறல் கேட்டு மேஸ்திரி ஓடிவந்து மின்சாரத்தை அணைத்தாள். பர்தோனுக்கு நினைவு திரும்பியபோது தரையில் கிடந்தாள், தலை மேஸ்திரியின் மடியில். கம்பியில் துணிப்பட்டை இல்லை. யாரோ அதற்குள் அறுத்து எறிந்திருந்தார்கள். மருத்துவமனை வண்டியில் மேஸ்திரி அவளுடைய இடது கையைப் பிடித்துக்கொண்டு வழி முழுக்கத் தன் மொழியில் எதையோ சொல்லி அழுதாள்.

வலது கையில் மூன்று விரல்கள் வெந்துபோயிருந்தன. தோல் வந்துவிடும், ஆனால் இனி முழுதாக மடங்காது என்றார் மருத்துவர். பார்க்க வந்தவர்கள் வரிசையாக ஒன்றையே சொன்னார்கள். நேரம் சரியில்லை. தலையெழுத்து. நம் ஆட்களின் இந்தப் பேச்சைக் கேட்டால் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தத் தலையெழுத்தை எழுதியது ஒரு தலையணை உறைக் கிழிசல். எழுதச் சொன்ன மனிதனுக்கு மாடியில் கண்ணாடி அறை இருந்தது. விதி என்ற சொல்லை யார் கண்டுபிடித்தானோ தெரியாது, முதலாளிகள் அவனுக்கு ஒரு சிலை வைக்கலாம்.

கட்டுப்போட்ட கையோடு அவள் வகுப்புக்குப் போனாள். “எழுத முடியாதே” என்றாள். “அப்படியானால் பேசுங்கள்” என்றாள் ஆசிரியை.

நிறுவனம் விசாரணை வைத்தது. விபத்து அவளுடைய கவனக்குறைவால்தான் என்று முடிவானால் வேலை போகும். வேலை போனால், அந்த நாட்டில் தங்க அனுமதிக்கிற வதிவிட அட்டையைப் புதுப்பிக்க மாட்டார்கள். கணவருடையது நிரந்தரமில்லாத வேலை, அதனால் அவளுடைய அட்டையை வைத்துத்தான் அவருக்கும் மகளுக்கும் இருப்பு. தொழிலாளர் துறையிலிருந்து ஓர் ஆய்வாளரும் வருவார் என்று தகவல் வந்தது. அவளுக்காக மொழிபெயர்க்க நிறுவனமே மாமாவை ஏற்பாடு செய்தது. அந்தச் சலவைக்கூடத்தில் வேலை செய்த தமிழ்ப் பெண்களில் பாதிப்பேரை அங்கே சேர்த்துவிட்டவர் அவர்தான்.

விசாரணைக்கு முந்தின நாள் மாலை மாமா வீட்டுக்கு வந்தார்.

“ஒண்ணும் பயப்படாதே. எல்லாத்தையும் நான் பார்த்துக்கறேன். நீ தலையை மட்டும் ஆட்டு.”

“கம்பியைக் கட்டியிருந்ததைச் சொல்லணும் மாமா.”

“அதெல்லாம் எதுக்கும்மா? பெரிய மனுசங்க பாவம் பார்த்து விட்டாத்தான் உண்டு. அவங்களைக் கோர்ட்டுல ஏத்துற மாதிரி பேசினா, நாளைக்கு நம்ம பொண்ணுங்க ஒருத்தியையும் உள்ள விட மாட்டான்.”

“மாமா சொல்றதுலயும் அர்த்தம் இருக்கு” என்றார் கணவர், மனைவியின் முகத்தைப் பார்க்காமல்.

கண்ணாடி அறையில் மேலாளர் இருந்தார். மூக்குக்கண்ணாடி போட்ட நடுவயதுப் பெண் ஆய்வாளர் இருந்தார். மூலையில், முதுகு வளைந்து, மேஸ்திரி. ஆய்வாளர் மாமாவிடம் கேட்டார், விபத்து எப்படி நடந்தது என்று. மாமா இவளிடம் திரும்பி, “எப்படி ஆச்சுன்னு கேக்கறாங்க, சொல்லும்மா” என்றார்.

அவள் தமிழில் சொன்னாள். “காலையில வழக்கம்போலக் கம்பியைக் கட்டினேன். துணி சுருண்டுச்சு. எடுத்துவிடப் போனேன். கம்பி நகரல. உருளை நிக்கல.”

மாமா பிரெஞ்சில் சொன்னார்: “அவசரப்பட்டுவிட்டேன் என்கிறார். தவறு தன்னுடையதுதான் என்கிறார். நிறுவனம் தன்னை நன்றாக நடத்துகிறது, அதற்கு மிகுந்த நன்றி என்கிறார்.”

ஒவ்வொரு சொல்லும் அவளுக்குப் புரிந்தது. தன் கை வெந்ததைத் தன் பெயரில், தன் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவர் நன்றியாக மாற்றிக்கொண்டிருந்தார். ஆய்வாளர் எழுத ஆரம்பித்துவிட்டார். பர்தோன் வாயைத் திறந்தாள். வாக்கியம் வரவில்லை. உள்ளே சொற்கள் முட்டி மோதின, ஒன்றுகூட இன்னொன்றின் கையைப் பிடிக்கவில்லை. முழுசாக, ஓட்டையில்லாமல் அவளிடம் இருந்தவை நாய்க்காக மனப்பாடம் பண்ணிய வாக்கியங்கள் மட்டும்தான்.

“உங்களைத் தொந்தரவு செய்வதற்கு வருந்துகிறேன்” என்றாள். “ஆனால் இந்த நிலை இப்படியே தொடர முடியாது.”

அறை திரும்பிப் பார்த்தது. மூலையில் மேஸ்திரியின் தலை நிமிர்ந்தது. நாய் அவளுக்கு மட்டும்தான் புரிந்திருக்கும்.

“என்னம்மா இது, நான் பேசிட்டிருக்கேன்ல?” என்றார் மாமா தமிழில், பல்லைக் கடித்துக்கொண்டு.

பர்தோன் ஆய்வாளரையே பார்த்தாள். “அவர் சொன்னது நான் சொன்னது இல்லை.”

ஆய்வாளர் தன் நாற்காலியை மாமாவிடமிருந்து அவள் பக்கம் திருப்பினார். “நீங்களே சொல்லுங்கள். மெதுவாக.”

“கம்பி. கட்டியிருந்தது. துணியால்.”

“யார் கட்டியது?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். கட்டும்போது யாரும் பார்க்கவில்லை. துணியும் இல்லை.

“நான்.”

மேலாளர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். “நான்தான் சொன்னேனே” என்றார் மாமா பிரெஞ்சில். ஆய்வாளர் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார்.

“ஏன் கட்டினீர்கள்?”

“ஏனென்றால், எல்லோரும் கட்டுவோம். தினமும். முதலில் வருபவர் கட்டுவார். கட்டாவிட்டால் உருளை நிற்கும். நின்றால் திட்டுவார்கள். நீங்கள் வரும் நாள் மட்டும் அவிழ்ப்போம்.”

கடைசி வாக்கியத்துக்கு ஆய்வாளரின் பேனா ஒரு கணம் நின்றது. “கட்டச் சொன்னது யார்?”

பர்தோன் மூலையைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். “மேற்பார்வையாளர்.”

அது உண்மை. ஆனால் பாதி. மேஸ்திரிக்குச் சொன்னது யார் என்பது சலவைக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். மேலாளர் படியிறங்கி வந்து, “உருளை நிற்கக் கூடாது, அந்தக் கம்பியை ஏதாவது செய்” என்று கத்தியதைப் பர்தோன் தன் காதால் கேட்டிருக்கிறாள். ஒரு தடவை அல்ல. அதைச் சொல்லச் சொற்களும் அவளிடம் இருந்தன. அவர் எதிரே உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்து மெல்லப் புன்னகைத்தார். நல்லவர்கள், எதையும் கேட்க மாட்டார்கள்.

“அவ்வளவுதானா?” என்றார் ஆய்வாளர்.

“அவ்வளவுதான். நன்றி” என்றாள் பர்தோன்.

இதில் பிரெஞ்சின் மேல் பழிபோட வழியில்லை. பாடப்புத்தகத்தில் இல்லாத பயம் அது.

பேருந்து நிறுத்தத்தில் மாமா காத்திருந்தார். கோபத்தைவிட அவர் முகத்தில் வேறு ஏதோ அதிகமாக இருந்தது. “எத்தனை வருசம் எத்தனை பேருக்குப் பேசியிருக்கேன். ஒருத்தர் இப்படிச் சொன்னதில்ல, நான் சொன்னது இல்லேன்னு.”

“அவங்களுக்குப் புரியல மாமா. அதனாலதான்.”

பேருந்து வந்ததும் மாமா அவளுக்கு வழிவிட்டு, தான் பின்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்.

முடிவு வந்தது. விபத்துக்கு அவள் பொறுப்பில்லை. வேலை இருக்கும், சிகிச்சையும் நடக்கும். பாதுகாப்பு விதியை மீறி உத்தரவிட்ட மேற்பார்வையாளர் நீக்கம். உத்தரவு எங்கே பிறந்தது என்று யாரும் கேட்கவில்லை. மேலாளர் கூடத்தில் பெரிய எழுத்தில் ஒரு பலகை மாட்டினார்: ‘பாதுகாப்பே முதன்மை.’ மாட்டும்போது பக்கத்தில் நின்று படமும் எடுத்துக்கொண்டார். உலகம் முழுக்க இப்படித்தான். உத்தரவு மேலிருந்து கீழே வரும், தண்டனை கீழே இருந்து மேலே போகும், பாதி வழியில் நின்றுவிடும்.

கம்பிகள் அவிழ்ந்தன. ஆனால் வண்டிகள் குறையவில்லை. உருளை நின்று நின்று ஓடியது, பெண்கள் மூச்சு வாங்க ஓடினார்கள்.

“மகராசி, உன் புண்ணியத்துல இப்ப இடுப்பு ஒடியுது” என்றாள் எதிர்முனைக்காரி. “பாவம், மேஸ்திரியையும் அனுப்பிட்டே. பிரெஞ்சு பேசத் தெரிஞ்சா போதுமா?”

பர்தோன் இடது கையால் துவாலைகளைப் பிரித்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பேச்சில் இருந்த கெட்ட எண்ணத்தை அவளால் ஒதுக்க முடிந்தது. உண்மையை ஒதுக்க முடியவில்லை.

வகுப்பில் அவளுக்குப் பக்கத்து நாற்காலி கொஞ்ச காலம் காலியாகவே இருந்தது. பிறகு ஒரு மாலை, பாடம் தொடங்கின பின், மேஸ்திரி வந்தாள். பக்கத்தில் உட்காரவில்லை. எதிர்வரிசையில் உட்கார்ந்தாள். நடந்தது எதுவும் தெரியாத ஆசிரியை அட்டைகளைக் கொண்டுவந்தாள்.

“எனக்கு அட்டை வேண்டாம்” என்றாள் மேஸ்திரி. “என்னிடம் புகார் இருக்கிறது.”

எழுந்து வந்து பர்தோனின் மேசையைத் தட்டினாள். “உங்களைத் தொந்தரவு செய்வதற்கு வருந்துகிறேன். ஆனால் இந்த நிலை இப்படியே தொடர முடியாது.”

பழைய நாய் நினைவில் வகுப்பு சிரித்தது. மேஸ்திரியின் முகத்தைப் பார்த்ததும் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

“அன்று நான் மூலையில் இருந்தேன்” என்றாள் மேஸ்திரி. அவளுடைய பிரெஞ்சும் தட்டுத்தடுமாறித்தான் வந்தது. “நீ என்னைக் காட்டினாய். சரி. நான் நாய். குரைத்தேன். ஆனால் சங்கிலி யார் கையில்? நீ பார்த்தாய். ஏன் சொல்லவில்லை?”

“நீ ஏன் சொல்லவில்லை?” என்றாள் பர்தோன். அவளுக்கே தெரியாமல் வந்துவிட்ட கேள்வி அது.

மேஸ்திரி மேசையிலிருந்து கையை எடுத்தாள். “பயம்.”

“எனக்கும்.”

பர்தோன் தன் கையைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, “பர்தோன்” என்றாள். வாழ்நாளில் எத்தனை ஆயிரம் தடவை சொன்ன சொல்லோ, முதல் தடவையாக அதற்கு ஒரு காரணம் இருந்தது.

“பர்தோன் வேண்டாம்” என்றாள் மேஸ்திரி. “மீதியைச் சொல். நானும் வருகிறேன்.”

அன்று பாடம் நடக்கவில்லை. ஆசிரியை விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள். வாக்கியத்தை அவளே சொல்லிக்கொடுக்க முயன்றபோது மேஸ்திரி தடுத்தாள். “நாங்களே சொல்கிறோம். தப்பு இருந்தால் மட்டும் திருத்துங்கள்.” வகுப்பு முழுக்க நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு ஆய்வாளராக மாறி, இருவரையும் மாறி மாறிக் குறுக்கு விசாரணை செய்தது.

வீட்டில் கணவர் கேட்டார். “நமக்குத்தான் சாதகமா முடிஞ்சிடுச்சே. எதுக்கு மறுபடியும் கிளறணும்? மேனேஜர் மேல சொன்னா சும்மா விடுவாரா? வேலை போயிடும்.”

“போகலாம்.”

“அட்டை?”

அவள் வதிவிட அட்டையை எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். அந்த இரவு அவர் புரண்டுகொண்டே இருந்தார். காலையில் அவளுக்குச் சட்டைப் பொத்தான் போட முடியாமல் விரல்கள் விறைத்திருந்தன. அவர் எழுந்து வந்து போட்டுவிட்டார். மகள் வாசல்வரை வந்து, “அம்மா, லாரியோ சளியோ, சத்தமா சொல்லு” என்றாள்.

தொழிலாளர் துறை அலுவலகத்தின் வரவேற்பு மேசையில் ஓர் இளைஞன் இருந்தான். இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, வழக்கமான கேள்வியைக் கேட்டான். “உங்களுக்காகப் பேச யாராவது வருகிறார்களா?”

“இல்லை” என்றாள் பர்தோன்.

பெஞ்சில் காத்திருந்தார்கள். மேஸ்திரி உதட்டுக்குள் வாக்கியங்களைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்தது. அதே மூக்குக்கண்ணாடி ஆய்வாளர் எட்டிப் பார்த்து, அடையாளம் கண்டு, புருவத்தை உயர்த்தினார். உள்ளே போனதும் நாற்காலியைக் காட்டினார். பர்தோன் உட்காரவில்லை. உட்கார்ந்தால் வாக்கியம் கலைந்துவிடும் என்று பயந்தாள்.

“அன்று நான் பாதிதான் சொன்னேன்” என்றாள். “மேலாளர் பெயரைச் சொல்லவில்லை. ஏனென்றால் பயந்தேன். இப்போதும் பயமாக இருக்கிறது. எழுதிக்கொள்ளுங்கள்.”